ஓஹேர் குளோபல் டெர்மினல்: ஐந்து டிசைன், உங்கள் ஓட்டு எதற்கு?

ஷாம்பர்க் சீனு | 17 ஜனவரி 2019

எல்லோருக்கும் வணக்கம். ஓஹேர் விமான நிலையத்தில் டெர்மினல் 2-ஐ இடித்துவிட்டுக் கட்டப்போகும் குளோபல் டெர்மினலுக்கான ஐந்து டிசைன்களையும் சிகாகோ நகராட்சி வெளியில் விட்டுவிட்டது. 23-ம் தேதி வரை ஆன்லைனில் ஓட்டுப் போடலாம். நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் வாக்கர் டிரைவில் இருக்கும் ஆர்க்கிடெக்சர் சென்டருக்குப் போங்கள், மாதிரிகளை வைத்திருக்கிறார்கள். விரிவாக்கத் திட்டம் மொத்தம் 850 கோடி டாலர். அதில் இந்த ஒரு கட்டடம் மட்டும் 220 கோடி, பரப்பளவு 22 லட்சம் சதுர அடி.

எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஊரிலிருந்து வரும் விமானம் எதுவானாலும் பெரும்பாலும் டெர்மினல் 5-ல்தான் இறக்கிவிடும். அங்கே இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ். அப்புறம் டென்வருக்கோ டெட்ராய்ட்டுக்கோ போக வேண்டுமானால் பெட்டியை மறுபடி ஒப்படைத்து, குட்டி ரயில் ஏறி டெர்மினல் 1-க்கோ 3-க்கோ போய், இன்னொரு முறை செக்யூரிட்டி. இந்த மாதத் தொடக்கத்திலிருந்து அந்த ரயிலையும் விரிவாக்க வேலைக்காக நிறுத்திவிட்டார்கள், பஸ்தான். புது டெர்மினல் வந்தால் வெளிநாடும் உள்நாடும் ஒரே கூரைக்குக் கீழே.

ஐந்தையும் என் பாணியில் சொல்கிறேன்.

ஃபாஸ்டர் குழு (பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர்): மூன்று பெரிய வளைவுகள், ஒரே கூரை, விமானம் நிற்கும் பக்கம் முழுக்கக் கண்ணாடி. நாடக மேடையில் திரை தூக்கியது போல இருக்கிறது.

காலட்ராவா (ஸ்பெயின் கட்டடக் கலைஞர்): வழக்கம்போல வெள்ளை விலா எலும்பு. டெர்மினலோடு நிற்காமல் எதிரே இருக்கும் பார்க்கிங், ஹோட்டல் பக்கமெல்லாம் தோட்டம் போட்டுவிட்டார். இட்லி கேட்ட இடத்தில் முழுச் சாப்பாடு.

எஸ்.ஓ.எம் (ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் & மெரில் நிறுவனம்): பழத்தோட்டத்தை மனதில் வைத்து வரைந்தது. ஓஹேரின் குறியீடு ஏன் ஓ.ஆர்.டி. என்று பலருக்குத் தெரியாது. இந்த இடத்தின் பழைய பெயர் ஆர்ச்சர்ட் ஃபீல்டு, ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம்.

ஃபென்ட்ரஸ் குழு: டென்வர் ஏர்போர்ட்டின் வெள்ளைக் கூடாரங்களைப் போட்டவர். இந்தப் படங்கள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

ஸ்டூடியோ ஓ.ஆர்.டி.: ஜீன் கேங் தலைமையில் சிகாகோக்காரர்கள் நிறைய பேர் இருக்கும் குழு. மூன்று கிளைகள் ஒரு நடு மண்டபத்தில் வந்து சேர்கின்றன. மேலே நடுவில் பெரிய வெளிச்சத் திறப்பு, உள்கூரை மரம்.

என் ஓட்டு ஃபாஸ்டருக்கு. அவர் வரைந்த ஹாங்காங் ஏர்போர்ட்டில் ஒரு முறை நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டேன், அலுக்கவே இல்லை. அது போதும் எனக்கு.

மீனா நேப்பர்வில் | 17 ஜனவரி 2019

ஓட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து டிசைனிலும் ஒரு படத்திலாவது கழிப்பறை எங்கே என்று இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எல்லாப் படத்திலும் ஒரு அம்மா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். நான் நான்கு வயதுக் குழந்தையோடு விமான நிலையத்தில் வானத்தைப் பார்த்ததே கிடையாது.

போன வருடம் மாமியாரை அழைத்து வந்தபோது ஒரு பெரிய விமான நிலையத்தில் (பெயர் வேண்டாம், இந்த ஊர் இல்லை) சக்கர நாற்காலி வந்தது, தள்ளுபவர் வந்தார், ஆனால் நடுவில் ஒரு எஸ்கலேட்டர். லிஃப்ட் கட்டடத்தின் மறுகோடியில். பிரமாதமான கட்டடம், பத்திரிகையிலெல்லாம் படம் வந்தது. அத்தை அன்றைக்குச் சொன்னது: "மாளிகை மாதிரி இருக்கு, மாடிப்படிதான் மாடிவீட்டுக்காரனுக்கு மட்டும்."

கட்டடக்காரன் | 18 ஜனவரி 2019

மீனா மேடம் சொன்னதைத்தான் நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் படம் வரையும் பிள்ளைகளோடு வேலை செய்பவன் என்பதால் சில தொழில் ரகசியங்களைச் சொல்கிறேன்.

போட்டிப் படங்களில் எப்போதும் மாலை ஆறு மணி. கண்ணாடிக்கு உள்ளே விளக்கும் தெரிய வேண்டும், வெளியே வானமும் தெரிய வேண்டும் என்றால் அந்த இருபது நிமிடம்தான் வாய்ப்பு. வரிசை என்று ஒன்று இருக்காது. குப்பைத் தொட்டி, விளம்பரப் பலகை, "வழுக்கும், கவனம்" என்ற மஞ்சள் பலகை, தரையில் ப்ளக் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன், எதுவும் இருக்காது. ஆட்களையே பாதி கண்ணாடி போல வரைந்திருப்போம், கட்டடத்தை மறைத்துவிடக் கூடாது என்று.

ஃபாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஸ்டான்ஸ்டெட், 1991. ஏ.சி. குழாய்களையும் மற்ற இயந்திரங்களையும் தரைக்குக் கீழே தள்ளிவிட்டு, கூரையை வெளிச்சத்துக்காக மட்டும் விட்டார். வாசலில் நுழைந்தால் நேரே விமானம் தெரியும். உலகத்தில் அதற்கப்புறம் வந்த பெரிய டெர்மினல்கள் பலவற்றில் அந்த யோசனை இருக்கிறது. இப்போது அங்கே போய்ப் பாருங்கள். நடுவில் செக்யூரிட்டி, கடைகள், இன்னும் கடைகள். விமானம் தெரிந்த இடத்தில் வாசனைத் திரவியம் தெரிகிறது. டிசைனரின் தப்பு கிடையாது. திறந்த மண்டபம் என்று ஒன்றைக் கட்டினால் காலி இடம் இருக்கிறதே என்றுதான் நிர்வாகம் பார்க்கும்.

ஆகவே ஓட்டுப் போடுவதற்கு முன் கூரையைக் கையால் மறைத்துக்கொண்டு தரைப்படத்தைப் பாருங்கள். எத்தனை முறை மாடி ஏறி இறங்க வேண்டும்? நடு மண்டபத்திலிருந்து கடைசி கேட் எவ்வளவு தூரம்? வந்தவர்களும் போகிறவர்களும் எந்த இடத்தில் குறுக்கே வருகிறார்கள்? அந்தக் கண்ணோட்டத்தில் எனக்கு ஸ்டூடியோ ஓ.ஆர்.டி. பிடித்திருக்கிறது. மூன்று கிளை சேரும் இடத்தில் நின்றால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பலகையைப் படிக்காமலே தெரியும். பலகை படிக்கத் தெரியாதவர்களும் விமானத்தில் வருகிறார்கள், நம் அம்மாக்களைச் சொல்கிறேன்.

இன்னொன்று: அந்த ஆங்கில 'ஒய்' வடிவம் சும்மா வந்ததில்லை. சிகாகோ ஆறு மூன்று கிளையாகப் பிரியும் இடத்தைக் குறிக்கும் நகரச் சின்னம் அது. சிகாகோ தியேட்டரின் வாசல் பலகைக்கு மேலே வட்டத்துக்குள் இருக்கும், ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

ராம்ப் ராஜா | 18 ஜனவரி 2019

நான் ஓஹேரில் விமானம் நிற்கும் பக்கம் வேலை செய்கிறேன். எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை :)

ஃபாஸ்டர் படத்தில் மூன்று வளைவு சேரும் இடத்தில் பள்ளம் இருக்கிறதே, பனி அங்கேதான் போய் உட்காரும். அதை யார் எப்படி இறக்குவார்கள்? படத்தில் ஒன்றில்கூடப் பனி இல்லை. சிகாகோவில்!

ஷாம்பர்க் சீனு | 18 ஜனவரி 2019

ராஜா, உலகம் முழுக்க ஏர்போர்ட் கட்டியவருக்குப் பனி தெரியாதா? அவர் டெர்மினல் கட்டிய பெய்ஜிங்கில் பனி பெய்யாதா?

ராம்ப் ராஜா | 18 ஜனவரி 2019

பெய்யும். இங்கே பெய்வது வேறு மாதிரிப் பெய்யும். கூரையை விடுங்கள், எனக்கு வேறு கவலை. டெர்மினல் 2 எங்கே இருக்கிறது? 1-க்கும் 3-க்கும் நடுவில். இரண்டு பக்கமும் விமானம் வந்து போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் இருப்பதை இடிக்க வேண்டும். அங்கே இருக்கும் கேட்டுகளை முதலில் வேறு எங்காவது குடியேற்றினால்தான் கடப்பாரையே வைக்க முடியும். அதற்காகத்தான் மேற்கே இரண்டு புதுக் கான்கோர்ஸ் (கேட்டுகள் வரிசையாக இருக்கும் கட்டடம்) திட்டத்தில் இருக்கிறது. அழகான கட்டடம் கடைசியில் வரும். அது வரைக்கும் நாங்கள் சிமென்ட் தூசியில்தான்.

பழைய மாம்பலம் | 19 ஜனவரி 2019

சென்னையிலிருந்து எழுதுகிறேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பதாக நினைக்க வேண்டாம், மகன் ஸ்கோக்கியில் இருக்கிறான்.

இங்கே மீனம்பாக்கத்தில் 2013-ல் திறந்த டெர்மினல்களும் இப்படித்தான் படமாகத் தொடங்கின. நியூயார்க்கின் ஃபிரெடரிக் ஷ்வார்ட்ஸ், ஜென்ஸ்லர், டெல்லியின் கிரியேட்டிவ் குரூப் சேர்ந்து செய்த டிசைன். பறவையின் இறகு போல இரண்டு கூரை, மழைநீர் வழிந்து இறங்க இரண்டு பக்கமும் தோட்டம். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நானே மயங்கிவிட்டேன். மழைநீரை நினைத்து ஒரு கூரையை வரைந்தானே என்று.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். கண்ணாடிப் பலகைகளும் உள்கூரைத் தகடுகளும் ஒன்று மாற்றி ஒன்றாக விழுந்தன. பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோர் போல "இத்தனையாவது முறை" என்று எண்ணிப் போட்டன. இன்றைக்கு யாரும் அந்த இறகைப் பற்றிப் பேசுவதில்லை, கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு போல்ட்டு, ஒரு கிளாம்ப், அதை மாட்டுகிறவன் கை, அதை மாதம் ஒரு முறை ஏறிப் பார்க்கிறவன் சம்பளம். இவை எந்தப் போட்டியிலும் மதிப்பெண் பெறுவதில்லை.

நான் நடுவராக இருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அந்த உச்சியில் இருக்கும் கண்ணாடி உடைந்தால், கீழே ஆட்களை நிறுத்தாமல் எப்படி மாற்றுவாய்?

கட்டடக்காரன் | 19 ஜனவரி 2019

ஐயா, அந்தக் கேள்விக்கு ஐந்து பேரும் ஒரு வாரம் யோசிப்பார்கள். நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

உங்களை ஒட்டி இன்னொன்று. பாரிஸ் சார்ல் து கோல் 2ஈ டெர்மினலின் கூரை திறந்து ஒரு வருடம்கூட ஆகாமல் 2004 மே மாதம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஏர்போர்ட் கட்டிய பால் ஆந்த்ரேயின் டிசைன் அது. பெரிய பெயர் என்பது காப்பீடு ஆகாது, சீனுவுக்காகச் சொல்கிறேன்.

ஷாம்பர்க் சீனு | 19 ஜனவரி 2019

சரி, சரி. எல்லோரும் சேர்ந்து என்னை அடிக்க வேண்டாம். ஆனால் உங்கள் வாதப்படி பார்த்தால் யாருமே எதுவுமே பெரிதாகக் கட்டக் கூடாது. டெர்மினல் 1-ஐ நினைத்துப் பாருங்கள். ஹெல்முட் யான் 1987-ல் கட்டியது. பழைய ரயில் நிலையம் போல இரும்பு வளைவும் கண்ணாடியும். கீழே பி கான்கோர்ஸிலிருந்து சி-க்குப் போகும் சுரங்கத்தில் நியான் விளக்கு ஓடும். என் மகள் அந்தச் சுரங்கத்துக்காகவே ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்பாள். முப்பது வருடம் ஆகியும் அதில் நடக்கும்போது எங்கேயோ போகிறோம் என்று தோன்றுகிறதே, அதை எந்தத் தரைப்படத்தில் போய்ப் பார்ப்பது? ஒரு துணிச்சலான ஆளிடம் கொடுத்ததால்தானே அது வந்தது?

மீனா நேப்பர்வில் | 19 ஜனவரி 2019

அந்தச் சுரங்கம் எனக்கும் பிடிக்கும். நகரும் பாதை ஓடும் நாளில்.

கணக்கு கண்ணன் | 20 ஜனவரி 2019

இவ்வளவு நேரம் எல்லோரும் ஓட்டு என்கிறீர்கள். இது ஓட்டு கிடையாது, கருத்துக் கேட்பு. தேர்வுக் குழு தனியாக இருக்கிறது, அவர்கள் வைப்பதுதான் சட்டம். உங்கள் விரல் மை காய்ந்ததும் மறந்துவிடுவார்கள்.

நிஜ ஓட்டு எப்படி இருக்கும் என்பதற்கு அண்மையில் இரண்டு உதாரணம். கேன்சஸ் சிட்டியில் 2017 நவம்பரில் மக்களிடம் கேட்ட கேள்வி, புது டெர்மினல் கட்டலாமா வேண்டாமா என்பது. ஏறக்குறைய 75 சதவீதம் பேர் கட்டலாம் என்றார்கள், கட்டுகிறார்கள். மெக்சிகோ சிட்டியில் ஃபாஸ்டரும் ஃபெர்னாண்டோ ரொமேரோவும் சேர்ந்து வரைந்த மாபெரும் ஏர்போர்ட், 2014-ல் தேர்வானது, மூன்றில் ஒரு பங்கு கட்டியும் ஆகிவிட்டது. போன அக்டோபரில் பத்து லட்சம் பேரிடம் கேட்டார்கள், பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள், புது அதிபர் நிறுத்திவிட்டார். அந்த முடிவு சரியா தப்பா என்பது தனிச் சண்டை. ஆனால் கேட்ட கேள்விக்குக் கனம் இருந்தது. நம்மிடம் கேட்டிருப்பது "எந்தப் புடவை நன்றாக இருக்கிறது" என்ற கேள்வி. கல்யாணம் ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது. போன மார்ச்சிலேயே நகர மன்றம் ஒப்புக்கொண்டு, விமான நிறுவனங்களோடு 2033 வரைக்கும் குத்தகையும் போட்டாகிவிட்டது.

பணம் யாருடையது என்று கேட்டால்: நகரின் வரிப் பணம் கிடையாது. ஏர்போர்ட் கடன் பத்திரம் விற்கும். அதை விமான நிறுவனங்கள் கட்டும் வாடகையும் தரையிறங்கும் கட்டணமும், நம் டிக்கெட்டில் ஒவ்வொரு முறையும் பிடிக்கும் நான்கரை டாலரும் அடைக்கும். செலவு ஏறினால் விமான நிறுவனத்தின் வாடகை ஏறும். ஆகவே எந்தக் கூரை வேண்டும் என்பதில் கடைசி வார்த்தை அவர்களுடையதாகத்தான் இருக்கும். இன்றைக்குச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பர்க் சீனு | 20 ஜனவரி 2019

எழுதி வைத்துக்கொண்டேன். பந்தயம்: 2028-க்குள் முடித்துவிடுவோம் என்கிறார்கள். 2028 முடிவதற்குள் புது டெர்மினலில் நான் போர்டிங் பாஸ் வாங்கினால் கண்ணன் டெவான் அவென்யூவில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். இல்லையென்றால் நான்.

கணக்கு கண்ணன் | 20 ஜனவரி 2019

சம்மதம். மட்டன்.

மாடரேட்டர் | 21 ஜனவரி 2019

பிரியாணி பற்றிய பன்னிரண்டு பதிவுகளை 'உணவு' பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.

கட்டடக்காரன் | 22 ஜனவரி 2019

காலட்ராவாவை யாரும் தொடவே இல்லையே என்று பார்த்தேன். சிகாகோவில் அவர் பெயர் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது ஒரு குழி. ஏரிக்கரையில் 2,000 அடியில் திருகு போல எழும்ப வேண்டிய ஸ்பயர் கோபுரம். 2007-ல் தொடங்கி, 2008-ல் பணம் நின்று, மிஞ்சியது வட்டமாக ஒரு பள்ளம். அதே இடத்தில் இரண்டு கோபுரம் கட்ட இப்போது எஸ்.ஓ.எம். வரைந்திருக்கிறது. இந்த ஊரில் ஒருவர் போட்டியில் தோற்றாலும் கவலை இல்லை, இன்னொருவர் குழியில் வேலை கிடைக்கும்.

நேரில் போய் மாதிரிகளைப் பார்த்தேன். மாதிரிகளில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறோம். கூரைதான் கண்ணில் படுகிறது. நிஜத்தில் அந்தக் கோணம் விமானிக்கு மட்டும்தான் கிடைக்கும். நான் முழங்காலிட்டு உட்கார்ந்து கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த மட்டத்தில் ஸ்டூடியோ ஓ.ஆர்.டி.யின் நடு மண்டபமும் எஸ்.ஓ.எம்.மின் தோட்டமும்தான் தாக்குப்பிடித்தன.

ஷாம்பர்க் சீனு | 23 ஜனவரி 2019

கடைசி நாள். மகளை அழைத்துப்போய் நானும் பார்த்தேன். அவள் உயரத்துக்கு மேசை சரியாக இருந்தது, முழங்காலிட வேண்டிய அவசியமே இல்லை. அவள் ஓட்டு ஜீன் கேங்குக்கு. காரணம் கேட்டேன், "நடுவுல ஓட்டை இருக்கு" என்றாள். என் ஓட்டு ஃபாஸ்டரிலேயே இருக்கிறது, மானப் பிரச்சினை.

ராம்ப் ராஜா | 30 ஜனவரி 2019

இன்றைக்குக் காலையில் ஓஹேரில் மைனஸ் 23 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 30-க்கும் கீழே. கண் இமை ஒட்டிக்கொள்கிறது. வெளியே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க விடவில்லை. உள்ளே வந்து கை உலர வைத்துக்கொண்டு யோசித்தேன்: ஐந்து டிசைனில் எங்களுக்கு ஒதுங்க ஓர் அறை யார் வரைந்திருப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவருக்கு என் ஓட்டு. தேதி முடிந்தாலும் பரவாயில்லை.

மீனா நேப்பர்வில் | 27 மார்ச் 2019

அறிவித்துவிட்டார்கள்! ஸ்டூடியோ ஓ.ஆர்.டி. சீனுவின் மகள் ஜெயித்துவிட்டாள்.

கட்டடக்காரன் | 27 மார்ச் 2019

நல்ல தேர்வு. ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். மேயர் இமானுவேல் மறுபடி நிற்கவில்லை, அடுத்த வாரம் புது மேயருக்கான இறுதிச் சுற்று. நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. 40,000 பேருக்கு மேல் கருத்துச் சொன்னார்களாம். அந்த எண் மேடைக்கு நன்றாக இருக்கிறது.

'நீர்த்துளி பால்கனி' என்று நாம் பெயர் வைத்திருக்கும் அந்த ஆக்வா டவரைப் போட்டவர் ஜீன் கேங். அதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. உள்ளே சாதாரண பெட்டிக் கட்டடம்தான், 82 மாடி. பால்கனித் தளத்தின் ஓரத்தை மட்டும் மாடிக்கு மாடி கொஞ்சம் மாற்றி அலை போல ஆக்கிவிட்டார். சிக்கனமாக ஆடம்பரம் காட்டத் தெரிந்தவர். செலவு வெட்டும் காலம் வரும்போது அந்தக் குணம் உதவும்.

டெர்மினல் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும் வட்டமான ரொட்டண்டாவை அறுபதுகளில் வரைந்தவரும் ஒரு பெண்தான், கெர்ட்ரூட் கெர்பிஸ். இரும்பு வடங்களில் தொங்கும் கூரை. அதைக் கடந்து போகும் கூட்டத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புது டெர்மினல் வேலையில் அதன் மேல் கை வைக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஷாம்பர்க் சீனு | 28 மார்ச் 2019

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி: எந்த டிசைனுக்கு எத்தனை ஓட்டு? யாருக்காவது தெரியுமா?

கட்டடக்காரன் | 29 மார்ச் 2019

சீனு, ஆறுதலுக்கு: 1922-ல் இதே ஊரில் டிரிப்யூன் கட்டடத்துக்குப் போட்டி வைத்தார்கள், 260-க்கும் மேல் டிசைன் வந்தது. ஜெயித்தது ஹவெல்ஸ், ஹூட் வரைந்த கோதிக் கோபுரம், இன்னும் நிற்கிறது. இரண்டாவதாக வந்த ஃபின்லாந்துக்காரர் சாரினென்னின் டிசைனைத்தான் அடுத்த பத்து வருடம் எல்லோரும் காப்பியடித்தார்கள். தோற்ற படங்களுக்கும் ஆயுள் உண்டு.

ராம்ப் ராஜா | 24 மே 2019

சாரினென் கதை அதற்குள் நடந்துவிட்டது. மேற்கே வரப்போகும் இரண்டு கான்கோர்ஸ் வேலையும் எஸ்.ஓ.எம்.முக்கு. தோற்றவருக்குத்தான் முதல் செங்கல், கவனித்தீர்களா? நான் முன்பே சொன்னேன், முதலில் அதைக் கட்டினால்தான் டெர்மினல் 2 மேல் கை வைக்க முடியும்.

ஷாம்பர்க் சீனு | 4 நவம்பர் 2021

இழையைத் தூசு தட்டுகிறேன். குட்டி ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று வருடம் ஆகப் போகிறது, நடுவில் கொரோனாவும் வந்து போனது. டெர்மினல் 1 சுரங்கத்தில் நேற்று நடந்தபோது அதைக் கட்டிய ஹெல்முட் யான் அவர்களை நினைத்துக்கொண்டேன். மே மாதம் சைக்கிள் விபத்தில் போய்விட்டார் பாவம். நியான் விளக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு கண்ணன் | 12 மே 2024

எழுதி வைத்துக்கொண்டீர்களா? எடுத்துப் படியுங்கள்.

திட்டச் செலவு ஏறிவிட்டது என்று இரண்டு பெரிய விமான நிறுவனங்களும் கொடி பிடித்தன. கான்கோர்ஸ் எல்லாம் அப்புறம், முதலில் குளோபல் டெர்மினலைக் கட்டு, சுருக்கமாகக் கட்டு என்றார்கள். நகராட்சி வரிசை மாற முடியாது என்றது. மாதக்கணக்கில் இழுபறி. இப்போது சமாதானம்: முதலில் ஒரு கான்கோர்ஸ், அப்புறம் குளோபல் டெர்மினல், இரண்டாவது கான்கோர்ஸ் அதற்கும் பின்னால். எந்தக் கூரை அழகு என்று நாம் 2019-ல் கண் வலிக்கப் பார்த்தோம். எதை முதலில் கட்டுவது என்ற கேள்விதான் நிஜமான கேள்வியாக இருந்திருக்கிறது. அதை யாரும் நம்மிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் ராஜாவைத் தவிர யாருக்கும் பதில் தெரிந்திருக்காது.

ராம்ப் ராஜா | 12 மே 2024

நன்றி. சம்பள உயர்வாக மாற்றித் தந்தால் நல்லது.

பழைய மாம்பலம் | 14 மே 2024

இடையில் ஒரு தகவல். எங்கள் ஊரில் போன வருடம் ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையத்தைப் பிரதமர் திறந்தார். கோலம், கோயில், புடவைக் கரை என்று உள்ளே எங்கு பார்த்தாலும் நம் ஊர்ச் சின்னங்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் போனதும் முதலில் நிமிர்ந்து மேலே பார்த்தேன். பழக்கதோஷம்.

ஷாம்பர்க் சீனு | 31 ஆகஸ்ட் 2025

போன வாரம் கான்கோர்ஸ் டி-க்குப் பூமி பூஜை ஆகிவிட்டது. மேயர் ஜான்சன் மண்வெட்டி பிடித்தார். 19 கேட், 130 கோடி டாலர், 2028-ல் திறப்பு என்கிறார்கள். படங்களைப் பார்த்தீர்களா? தூண்கள் மரம் போலக் கிளை விரிக்கின்றன. ஆர்ச்சர்ட் ஃபீல்டின் பழத்தோட்டமேதான். 2019-ல் தோற்ற எஸ்.ஓ.எம். யோசனை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

பந்தயத்தைப் பற்றி: 2028-ல் கான்கோர்ஸ் டி-யில் போர்டிங் ஆனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

கணக்கு கண்ணன் | 31 ஆகஸ்ட் 2025

முடியாது. பந்தயம் குளோபல் டெர்மினலுக்கு. மட்டன் விலை 2019-ல் இருந்தது போல இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கேட் பங்கீட்டுச் சண்டையை மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கோர்ட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறது, அதையும் பாருங்கள்.

கட்டடக்காரன் | 1 செப்டம்பர் 2025

கிளைத் தூண்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஜீன் கேங்கின் மண்டபம் வருவதற்குள் அதிலிருந்து எவ்வளவு மரம் உரியும் என்று தெரியவில்லை. உள்கூரை மரம்தான் முதலில் வெட்டுப்படும், அனுபவத்தில் சொல்கிறேன். நடுத் திறப்பை விட்டுவிடாமல் இருந்தால் சரி. சீனு மகளுக்காகவாவது.

ஷாம்பர்க் சீனு | 1 செப்டம்பர் 2025

அவளுக்கு இப்போது அது ஞாபகமே இல்லை அண்ணா. சுரங்கத்து நியான் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பெலூர் பிரியா | 20 அக்டோபர் 2025

புது உறுப்பினர். தேடியதில் இந்த இழை கிடைத்தது. அம்மா டிசம்பரில் முதல் முறையாகத் தனியாக வருகிறார்கள், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக. சிகாகோவில் இறங்கி மினியாபொலிஸ் போக வேண்டும், டெர்மினல் 1-லிருந்து. நடுவில் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் இருக்கிறது. போதுமா? புது டெர்மினல் வந்துவிட்டதா?

ராம்ப் ராஜா | 20 அக்டோபர் 2025

வரவில்லை தங்கச்சி. ஒன்று நாற்பது போதாது, அதுவும் டிசம்பரில். அடுத்த விமானத்துக்கு மாற்றுங்கள், குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். அம்மா டெர்மினல் 5-ல் இறங்குவார்கள். இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டியதும் பெட்டியை மறுபடி ஒப்படைக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும், கையில் வைத்துக்கொண்டே போகக் கூடாது. அப்புறம் குட்டி ரயில் ஏறி டெர்மினல் 1-ல் இறங்கி மறுபடி செக்யூரிட்டி. டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள், நடக்க முடிந்தாலும் பரவாயில்லை, தள்ளுபவருக்கு வழி தெரியும்.

மீனா நேப்பர்வில் | 20 அக்டோபர் 2025

பிரியா, பெட்டி எடுக்கும் இடத்திலேயே கழிப்பறை போய்விட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும்.